பெரிய மீன்கள் மட்டும் ஏன் முதலில் காணாமல் போகின்றன? டிரவுட் ஆறுகளும் தாமிரபரணியும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வேலை பார்க்கும் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "அண்ணாச்சி, இங்கே மலை ஆறுகளில் பத்து பவுண்டு டிரவுட் பிடிப்பதற்காகவே பல நாடுகளிலிருந்து ஆள் வருகிறார்கள். இப்போது அந்த அளவு மீன் அரிதாகிவிட்டது என்று பழைய தூண்டில்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். எங்கள் தாத்தாவும் தாமிரபரணியில் நெஞ்சு உயரத்துக்கு வாளை பிடித்ததாகச் சொல்வார். இரண்டு ஆற்றிலும் நடந்தது ஒன்றுதானா? குஞ்சு வாங்கி விட்டால் பழையபடி வருமா?"

தம்பி, மீன் குறைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. இரண்டு ஆற்றிலும் இன்னும் மீன் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பெரிய மீன் மட்டும் ஏன் முதலில் போகிறது, போனதை மனிதர் கையால் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்து, நன்னீர் மீன் சார்ந்த வேலையிலேயே தலை நரைத்தவன். தாமிரபரணியைப் பற்றி நேரில் பார்த்ததை வைத்துச் சொல்ல முடியும். டிரவுட் ஆறுகளில் நான் வேலை செய்ததில்லை. அதில் நான் சொல்வது படித்தறிந்தது. உங்கள் ஊர்த் தூண்டில்காரர் யாராவது திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மீன் என்றால் வயதான மீன். மீனுக்கு வளர்ச்சி ஒரு வயதோடு நின்றுவிடுவதில்லை. வேகம் குறையுமே தவிர, இருக்கும்வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். டிரவுட் செதில் ஒன்றை எடுத்துக் கழுவி, இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். கோடைகாலத்தில் இரை நிறையக் கிடைக்கும்போது கோடுகள் விலகி நிற்கும். குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தப்படும்போது நெருங்கிக் கருத்துப்போகும். அந்தக் கருத்த பட்டைகளை எண்ணினால் அது எத்தனை குளிர்காலம் பார்த்தது என்று சொல்லிவிடலாம். நம் ஆற்று மீன்களில் இந்த வேலை இவ்வளவு சுலபமில்லை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆறு வற்றுவதும், மீன் முட்டையிடுவதும்கூடச் செதிலில் கோடு போட்டுவிடும். வாளைக்கோ செதிலே இல்லை. அதனால் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, அறுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வருகிற விடை ஒன்றுதான்: பெரிய மீன் பல வருஷம் யார் கையிலும் சிக்காமல் பிழைத்த மீன்.

அந்தப் பிழைப்பு எவ்வளவு நூலிழையில் நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது எந்த ஆற்றிலும் அளந்த கணக்கு இல்லை, விளங்குவதற்காக நான் போடுவது. மூன்று வயதில் ஆயிரம் மீன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பாதி சாகிறது, பாதி பிழைக்கிறது என்றால், பத்து வயதை எட்டுபவை ஏறக்குறைய எட்டு மீன். இப்போது வலையும் தூண்டிலும் கொஞ்சம் கூடி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது பிழைத்த இடத்தில் முப்பதுதான் பிழைக்கிறது என்று வையுங்கள். அதே ஆயிரத்தில் பத்து வயதுக்கு வருவது ஒரு மீன்கூட இல்லை. ஐயாயிரம் மீனுக்கு ஒன்று தேறினால் உண்டு. ஆனால் ஆற்றில் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட மீன்களின் மொத்த எண்ணிக்கை பழையதில் பத்தில் மூன்று பங்குதான் குறைந்திருக்கும். கரையில் நிற்கிறவருக்கு ஆறு நிறைய மீன் இருப்பதுபோலத்தான் தெரியும். பிள்ளைகள் நிறைந்து, எண்பது வயதுப் பெரியவர் ஒருவர்கூட இல்லாத ஊர் மாதிரி ஆகிவிட்டிருக்கும். பெரிய மீன் மறைவது ஆறு கொடுக்கும் முதல் எச்சரிக்கை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். எண்ணிக்கை விழுவது அதற்கு ரொம்பப் பின்னால் வரும்.

பழைய ஆட்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாபகத்தில் மீன் வளரும் என்பது உண்மைதான். அதற்காக எல்லாவற்றையும் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரில் சுற்றுலாப் படகில் போய் மீன் பிடிப்பவர்கள் கரைக்கு வந்ததும், அன்றைய பெரிய மீன்களைப் பலகையில் தொங்கவிட்டுப் படம் எடுப்பது வழக்கம். லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களைச் சேர்த்து, பலகையின் அளவை வைத்து மீன்களை அளந்தார். 1950களில் சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோ. 2007இல் 2.3 கிலோ. படத்தில் நிற்கும் மனிதர்களின் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. 1995இல் மீன்வள அறிஞர் டேனியல் பாலி இதைத்தான் எடுத்துக்காட்டினார். உங்கள் தாத்தா சொன்ன வாளையும் நம்ப முடியாத அளவு இல்லை. ஆற்று வாளை ஒரு மீட்டரைத் தாராளமாகத் தாண்டி வளரும் இனம். உலக அளவில் இன்று அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

இனி டிரவுட் விஷயம். நியூசிலாந்தில் அது ஊர் மீன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரவுன் டிரவுட் 1867இல் டாஸ்மேனியாவிலிருந்தும், ரெயின்போ டிரவுட் 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்தும் போனவை. அங்கே உள்மலை ஆறுகளில் மீன் எண்ணிக்கை எப்போதுமே குறைவு, இருப்பவை பெரியவை. அந்தப் பெருமைக்குக் காரணமே அவற்றை யாரும் அதிகம் தொந்தரவு செய்யாததுதான். இப்போது ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். பிடித்த மீனை விட்டுவிடுகிறார்கள் என்றாலும், ஒருமுறை தூண்டில் கண்ட பெரிய மீன் பல நாள் ஒளிந்துகொள்கிறது என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே "கிடைக்கவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல. உங்கள் தூண்டில்காரர்களின் வருத்தத்தில் ஒரு பங்கு இதில் அடங்கும்.

இன்னொரு பங்கு எலியில் இருக்கிறது. அங்கே பீச் என்ற காட்டு மரங்கள் (பழம் தருகிற பீச் இல்லை) சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் கொத்துக்கொத்தாக விதை உதிர்க்கும். அந்த வருஷம் காட்டில் எலி பெருகும். இரவில் ஆறு தாண்டும் எலியை டிரவுட் விழுங்கும். சாதாரண வருஷத்தில் ஏழு எட்டு பவுண்டு நிற்கிற மீன் அந்தப் பருவத்தில் பத்தைத் தாண்டிவிடும். அடுத்தடுத்த வருஷங்களில் திரும்ப இளைக்கும். எலி வருஷத்தில் வந்து பிடித்துப் போனவர், பிறகு வந்து பார்த்துவிட்டு "எல்லாம் போச்சு" என்பார். அவர் பார்த்தது உண்மை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை அப்படியே ஏற்க முடியாது. ஒரு ஆற்றின் நிலையைச் சொல்ல, எலி வருஷத்தையும் சாதாரண வருஷத்தையும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற வீழ்ச்சி ஒன்று உண்டு. மலைக்குக் கீழே உள்ள ஆறுகளில், மாட்டுப் பண்ணைகள் பெருகிய பகுதிகளில், பாசனத்துக்குத் தண்ணீர் எடுப்பதும் உரச்சத்து ஆற்றில் கலப்பதும் அதிகமாகிவிட்டது. 2004இல் டிடிமோ என்ற பாசி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. கல்லை நனைந்த கம்பளி போல மூடிக்கொண்டு, மீன் தின்னும் பூச்சி வகைகளையே மாற்றிவிடுகிறது. தண்ணீர் சூடாவதும் சேர்ந்திருக்கிறது. டிரவுட் குளிர்நீர் மீன்; 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். நீர் சூடானால் மீனின் உடல் அளவே சிறுத்துப்போகும் என்று ஒரு கோட்பாடும் இருக்கிறது. பெரிய உடலுக்குத் தேவையான பிராணவாயுவைச் செவுளால் ஈடுகட்ட முடியாது என்பது அதன் வாதம். அதில் அறிஞர்களிடையே இன்னும் கடுமையான சண்டை நடக்கிறது. அதை நான் காரணப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

குஞ்சு விடுவது பற்றிய உங்கள் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைத்தது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேடிசன் ஆற்றில். அங்கே பல காலமாகப் பண்ணையில் வளர்த்த டிரவுட்டைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். டிக் வின்சென்ட் என்ற மீன்வள ஆய்வாளர் 1960களின் இறுதியில் தொடங்கி, ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார். ஆற்றிலேயே பிறந்த மீன்கள் எண்ணிக்கையிலும் எடையிலும் கூடின. பண்ணை மீனுக்குக் கூட்டத்தில் வளர்ந்த பழக்கம். ஆற்று மீன் தனக்கென்று ஒரு கல்லடியைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாக வந்த கூட்டம் இதைக் கலைத்துவிட்டுத் தானும் சில மாதத்தில் செத்துப்போகும். மீன் தானே பெருகும் ஆறுகளில் 1974இல் மொன்டானா டிரவுட் விடுவதையே நிறுத்தியது. தூண்டில்காரர்கள், கடைக்காரர்கள், பண்ணைக்காரர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆறு தேறியது. அதே ஆற்றில் 1994இல் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒட்டுண்ணி நோய் ஒன்று தெரியவந்து, ரெயின்போ டிரவுட் சுமார் 90 சதவீதம் விழுந்துபோனதும் நடந்தது. குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தாக்கி, மீனைச் சுற்றிச் சுற்றி நீந்தவைத்துச் சாகடிக்கும் நோய் அது. ஐரோப்பாவையே பூர்வீகமாகக் கொண்ட பிரவுன் டிரவுட் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. இந்த நோய் பல இடங்களுக்குப் பரவியதும் பண்ணை மீன்களோடுதான்.

நம்மூரிலும் டிரவுட் உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லி நகர்கிறேன். 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரியில் கொண்டுவந்து விடப் பார்த்து முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியில் ரெயின்போ டிரவுட் அங்கே தங்கியது. அவலாஞ்சிப் பண்ணை அதற்காக வந்ததுதான். பொதிகை மலைக்கு அது சம்பந்தமில்லாத மீன். நமக்கு அந்த இடத்தில் இருப்பது மஹசீர், பெரிய செதில் வைத்த கெண்டை. சமவெளியில் வாளை, விரால், விலாங்கு.

தாமிரபரணியில் என்ன நடந்தது என்பதற்கு விலாங்கைப் பாருங்கள். அதன் வாழ்க்கையே ஆற்றின் வரைபடம். விலாங்கு கடலில் ஆழத்தில் பிறக்கிறது. கண்ணாடி போன்ற குஞ்சாகப் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றில் ஏறி, பல வருஷம் கல்லிடுக்கிலும் கரைப்பொந்திலும் இருந்து வளர்கிறது. கடைசியில் ஒரே ஒருமுறை முட்டையிட மறுபடி கடலுக்கு இறங்குகிறது, அதோடு சரி. ஆகவே ஒரு பெரிய விலாங்கு உங்கள் கையில் இருந்தால், அது இன்னும் ஒருமுறைகூட இனப்பெருக்கம் செய்யாத மீன் என்று அர்த்தம். அதற்கு ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும். கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஓட்டம் சுருங்கிப்போகும்போது அந்த வழி அடைபடுகிறது.

அணைக்கட்டுதான் காரணம் என்று சிலர் முடித்துவிடுவார்கள். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அவையெல்லாம் இருந்த காலத்தில்தான் உங்கள் தாத்தா பெரிய வாளையைப் பார்த்தார். அந்த அணைக்கட்டுகள் உயரம் குறைவானவை; வெள்ளத்தில் தண்ணீர் மேலேறி வழியும், அப்போது மீன் ஏறும். 1940களில் பாபநாசம் அணை வந்ததும் நிலைமை வேறு. 143 அடி கொள்ளளவு உயரமுள்ள சுவரை எந்த மீனும் தாண்ட முடியாது. அப்புறம் 1950களில் மணிமுத்தாறு, 1980களில் சேர்வலாறு. ஆற்றின் ஓட்டமும் கார், பிசான சாகுபடிக்கு எப்போது திறக்கிறார்களோ அதன்படி ஆயிற்று. நம் கெண்டை வகைகளில் பலவும் வாளையும் புதுவெள்ளத்தின் கலங்கலைக் கண்டுதான் முட்டையிடக் கிளம்பும். முதல் வெள்ளம் அணைக்குள் நின்றுபோனால் அந்த அழைப்பு கீழே வந்து சேராது. இந்தத் தண்ணீரில்தான் நம் வயல் விளைகிறது, நம் ஊர்கள் குடிக்கின்றன. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை என்ன கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய மீனைப் பொறுத்தவரை அணையைவிட நேரடியாக அடித்தவை மூன்று என்பது என் கணிப்பு. முதலாவது மணல். பெரிய மீனுக்குக் கசம் வேண்டும், அதாவது ஆற்றுக்குள் ஆழமான மடு. சித்திரை வெயிலில் ஆறு நூலாக ஓடும்போது வாளையும் விராலும் ஒதுங்கிப் பிழைப்பது அந்த ஆழத்தில்தான். மணல் அள்ளினால் பள்ளம்தானே விழும், கசம் கூடத்தானே செய்யும் என்று நினைக்கலாம். நடப்பது நேர்மாறு. மணல் போன இடத்தில் அடியில் களி தட்டுப்படும், பள்ளத்தின் விளிம்பு சரியும், கரை உடையும், அடுத்த வெள்ளத்தில் பழைய கசம் சேற்றால் தூர்ந்து, ஆறு ஒரே தட்டையாகிவிடும். படுகையில் கிடந்த மணல் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஊற்றாக விட்டுக்கொண்டிருந்ததும் போய்விடும். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான மூத்த தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது இந்த ஆற்றுக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஆனால் அதற்கு முன் போன கசங்கள் தானாகத் திரும்ப வெகு காலம் பிடிக்கும்.

இரண்டாவது, ஆற்றில் வெடித்தோட்டா போடுவதும், பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சுவதும். வலைக்குக் கண் அளவு என்று ஒன்று உண்டு. கண் பெரிதானால் குஞ்சு தப்பும். தோட்டாவுக்குக் கண் கிடையாது. வெடித்த அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிந்து, பாதி மீன் மிதக்காமல் அடியிலேயே கிடந்து அழுகும். அதோடு, தோட்டா போடுகிறவர் ஓடுகிற தண்ணீரில் போட மாட்டார், கசத்தில்தான் போடுவார். எஞ்சியிருக்கும் பெரிய மீன்கள் ஒன்றுகூடி நிற்கிற இடமே அதுதான். ஒரே நாளில் பத்துப் பதினைந்து வருஷ வளர்ச்சி போய்விடுகிறது. நைலான் செவுள் வலை வந்ததும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பழைய பருத்தி வலையை அறுத்துத் தப்பிய மீன் இதில் தப்புவதில்லை.

இதில் விராலுக்கு நடப்பது எனக்கு மிகவும் வருத்தம். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். செம்பொன் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்தாகச் சேர்ந்து, மூச்செடுக்க மேலே வந்து தண்ணீரைக் குமிழியிடவைக்கும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். அந்தக் குமிழியைப் பார்த்துத் தவளையைக் கோத்துத் தூண்டிலைப் போட்டால், பசிக்காவிட்டாலும் எதிரி என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். அது மிகச் சுலபமான பிடி. இப்போது படமெடுத்துப் போடுகிறவர்கள் பலரும் காட்டுகிற விரால் இப்படிப் பிடித்ததுதான். பெரியது போனதும் சில மணி நேரத்திலேயே ஜிலேபிக் கெண்டையும் மற்றதும் அந்தக் குஞ்சுப் பந்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனைப் பிடித்ததாக நினைக்கிறோம். அந்த வருஷத்து வம்சமே போகிறது.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்த மீன்கள். ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது, ஆனாலும் குட்டைகளில் வளர்ப்பது நிற்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி வெள்ளத்தில் குளமும் குட்டையும் ஆறும் ஒன்றாகிவிடும். பண்ணையில் இருப்பது எல்லாம் ஆற்றுக்கு வரும். இதனால் பெரிய மீன் எவ்வளவு குறைந்தது என்று எண்ணால் பிரித்துச் சொல்வது நேர்மையாக இராது. முட்டையும் குஞ்சும் தின்னப்படுகின்றன என்பது உறுதி. திருநெல்வேலி மாநகரத்துக்குக் கீழே சாக்கடை கலப்பதும் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடுவதும் இதையெல்லாம் மோசமாக்குகின்றன. மூச்சுக்காற்றை மேலே வந்து எடுக்கத் தெரிந்த விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அங்கே தாக்குப்பிடிக்கும். வாளையும் கெண்டையும் முடியாது.

சரி, குஞ்சு விட்டால் வருமா? நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிர்கால் விடுவது சாப்பாட்டுக்கும் மீனவர் பிழைப்புக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றில் பெரிய மீன் திரும்ப வர அது வழியில்லை. இதற்குக் காவிரியில் நடந்தது போதும். உலகத்தின் பெரிய மஹசீர்களில் ஒன்று காவிரியின் திமில் மஹசீர். 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ. பிற்பாடு மஹசீர் குறைகிறதே என்ற நல்ல எண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகள் பல ஆறுகளில் விடப்பட்டன; காவிரியிலும்தான். காவிரியின் கலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் பதிவேட்டை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, கிடைத்த மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, சராசரி எடை குறைந்திருந்தது, திமில் மஹசீர் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. 2018இல்தான் அந்த மீனுக்குரிய அறிவியல் பெயர் எது என்பதே உறுதியானது. அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்த யாரும் "மஹசீர் பெருகியிருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

குஞ்சு விடுவதற்கு எதிரான இன்னொரு காரணம் முட்டைக் கணக்கில் இருக்கிறது. பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், ரோகு கிலோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் முட்டை தரும். மஹசீர் கிலோவுக்குச் சில ஆயிரம்தான். அப்படிப்பட்ட மீனில் ஒரு பத்துக் கிலோ தாய்மீன் ஆற்றில் இருப்பது பெரிய சொத்து. அதைப் பிடித்துவிட்டு ஆயிரம் குஞ்சு வாங்கி விடுவதில் கணக்கு நேராகாது; அந்த ஆற்றின் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் தேறிவந்த வம்சம் அந்தத் தாய்மீனிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் எது பலிக்கும்? விட்டுவைப்பது. அது நம் கண்ணெதிரே நிரூபணமாகித்தான் இருக்கிறது. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டால் மொய்க்கிற மீன்களைப் பார்த்திருப்பீர்கள். அவை தனி இனம் ஒன்றும் கிடையாது. சாமி மீன் என்று யாரும் வலை போடுவதில்லை, அதுதான் விஷயம். சில நூறு அடி ஆற்றுக்கு ஒரு நம்பிக்கை போட்ட வேலி அது. அதே படித்துறையில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போவது அந்த மீன்களின் காலடியிலேயே குப்பை கொட்டுவது; அதை நிறுத்த வேண்டும். மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மீன்பிடி இல்லாததால் காரையாற்றுப் பக்கம் மலை மீனுக்கு இன்னும் இடம் இருக்கிறது. நாங்குநேரியில் பிறந்த வனவிலங்கு அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங், 2024இல் மறைந்தவர், புலியையும் யானையையும் பேசிய அளவுக்கு மஹசீருக்காகவும் பேசினார். காட்டைக் காத்தால் ஆறும் மீனும் சேர்ந்தே பிழைக்கும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கீழே, சமவெளியில் என் யோசனை இது. அணைக்கட்டுக்கு அணைக்கட்டு, கோடையிலும் வற்றாத ஒரு கசத்தையாவது ஊரே சேர்ந்து வலையில்லாத இடம் என்று ஒதுக்க வேண்டும். மற்ற இடங்களில் நடுத்தர அளவு மீனைப் பிடித்துத் தின்னலாம். குஞ்சையும் பெரியதையும் விட்டுவிட வேண்டும். வெளிநாட்டில் பல டிரவுட் ஆறுகளில் இந்த விதி எழுதப்பட்டே இருக்கிறது. இதனால் பத்து வருஷத்துக்குள் பெரிய வாளை வந்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கசமும் ஓட்டமும் இருந்தால்தான் வயது பலிக்கும். ஆனால் மேடிசனில் நடந்ததைப் போல, இடத்தைக் கொடுத்தால் ஆற்று மீன் தானே எழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீங்கள் அங்கே தூண்டில் போடுகிறவரானால், தண்ணீர் 20 டிகிரியை நெருங்கும் நாளில் போடாதீர்கள், விட்டாலும் பிழைப்பது சந்தேகம். முள்ளின் எதிர்நாக்கை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள், தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பெரிய மீனின் எடையெல்லாம் அந்த ஒரு மூட்டில் இறங்கும். லீவில் ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யலாம். உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அம்பையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் இன்னும் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த அணைக்கட்டுக்கு மேலே, எந்தக் கசத்தில், எந்த மாசம், என்ன மீன், எந்த வலையில். வெறும் "பெரிசு" என்று எழுதாதீர்கள். கையால் காட்டச் சொல்லி டேப்பால் அளந்து எழுதுங்கள். இன்றைக்குப் பிடிபடுவதையும் அதே கசத்தில் அளந்து, தேதி போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். காவிரியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு தூண்டில் முகாமின் பதிவேடுதான். தாமிரபரணிக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். அதை ஆரம்பிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.